வடசென்னையில் 'ஃபுட் வாக்': ஒரு பிளேட் அத்தோவுக்குப் பின்னால் என்ன கதை? கடைக்காரருக்கு என்ன கிடைக்கிறது?

வழிகாட்டியோடு தெருத்தெருவாக நடந்து, கடை கடையாகச் சாப்பிடும் 'ஃபுட் வாக்' சென்னைக்குப் புதுசு இல்லை. சவுகார்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் பல வருஷமாக நடக்கிறது. ஆனால் பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் நடந்தால் கிடைப்பது வேறு அனுபவம். வேலை தேடி வந்தவர்கள், நாடு விட்டு நாடு வந்தவர்கள், கடலை நம்பி வாழ்பவர்கள் எல்லோருடைய சமையலும் இங்கே சில கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதில் என்னென்ன இருக்கிறது, இந்த நடையால் யாருக்கு லாபம்? விரிவாகப் பார்ப்போம்.

ஃபுட் வாக் என்றால் என்ன?

சின்னக் குழு, இரண்டு மூன்று மணி நேரம், ஐந்தாறு கடைகள். ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். அந்த உணவும் அந்தத் தெருவும் வந்த கதையை வழிகாட்டி சொல்வார். இதற்கான கட்டணத்தைப் பெரும்பாலும் முன்பே வாங்கிவிடுவார்கள்.

1639 ஆகஸ்ட் 22-ஐ நகரம் பிறந்த நாளாக வைத்து, 2004 முதல் 'மெட்ராஸ் டே' கொண்டாடப்படுகிறது. அந்தச் சமயத்தில் நடக்கும் மரபு நடைகளில் சாப்பாட்டு நடைகளும் உண்டு.

பெரம்பூரில் என்ன ஸ்பெஷல்?

பெரம்பூரை வளர்த்தது ரயிலும் மில்லும். 19-ம் நூற்றாண்டில் ரயில்வே பணிமனை வந்தது. 1955 அக்டோபர் 2-ல் ஐ.சி.எஃப். தொழிற்சாலையைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். பக்கத்திலேயே பக்கிங்காம் - கர்னாடிக் மில். 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1996-ல் மில் மூடப்பட்டது.

ரயில்வே வேலையோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இங்கே வேரூன்றின. மஞ்சள் தேங்காய்ச் சோறும் 'பால் கறி'யும் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. பெயரைக் கேட்டு, பாலில் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். கொத்துக்கறியைப் பந்து மாதிரி உருட்டிப் போட்ட குழம்பு அது. தெருக்கடையில் தேடினால் கிடைப்பது கஷ்டம், வீட்டுச் சமையல்.

புளியந்தோப்பு 'ஆட்டுத்தொட்டி' எனப்படும் மாநகராட்சி இறைச்சிக்கூடமும் பெரம்பூருக்குப் பக்கம்தான். உழைக்கும் மக்கள் கம்மி காசில் வயிறு நிறையச் சாப்பிட்டது பீஃப் பிரியாணியும் பீஃப் ஃப்ரையும்தான். அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பகுதியின் உணவைச் சொன்னால் அது பாதிக் கதைதான்.

அத்தோ எப்படி வந்தது?

பர்மாவில் 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த சில வருஷங்களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் பலர் வியாசர்பாடி, எர்ணாவூர் பகுதிகளில் குடியேறினார்கள். எர்ணாவூரில் இன்றும் 'பர்மா நகர்' இருக்கிறது.

அவர்கள் கொண்டுவந்த கைப்பக்குவம்தான் அத்தோ. நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், பூண்டு எண்ணெய் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டுத் தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப், கீறி மசாலா வைத்த அவித்த முட்டை. 'அண்ணே, பேஜோ தூக்கலா போடுங்க' என்று கேட்டு வாங்கும் அளவுக்கு இது இப்போது சென்னைச் சாப்பாடு ஆகிவிட்டது.

காசிமேடு மீன் எப்போது கிடைக்கும்?

ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டில் விடியும் முன்பே ஏலம் களைகட்டும். சங்கரா, நெத்திலி, இறால் எல்லாம் சில மணி நேரத்தில் தெருவோர எண்ணெய்ச் சட்டிக்கு வந்துவிடும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது.

கடலும் ஆறும் நன்றாக இருந்தால்தான் இந்தத் தட்டு நிறையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் கலந்தபோது, அங்குள்ள மீனவர்களின் பிழைப்பே நின்றுபோனது.

கடைக்காரருக்கு என்ன கிடைக்கிறது?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டணம், 10 பேர் என்றால் 15,000 ரூபாய். ஐந்து கடையில் ஆளுக்கு 50 ரூபாய்க்குச் சாப்பிட்டால், ஐந்து கடைக்கும் சேர்த்துப் போவது 2,500 ரூபாய்தான். அதுவும் மாலை வியாபார நேரத்தில் 10 பேர் வண்டியைச் சூழ்ந்து நின்று போட்டோ எடுத்தால், தினமும் வரும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

கடை அந்த இடத்தில் நிலைக்குமா என்பது இன்னொரு கேள்வி. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு நடத்தி விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடியும் வரை வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

சிங்கப்பூரில் தெருக்கடைகளுக்கு அரசே நிரந்தர இடம், தண்ணீர் வசதி எல்லாம் செய்துகொடுத்தது. அந்த உணவுக் கலாசாரத்தை 2020-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பெருமை வருவதற்குப் பல வருஷம் முன்பே கடைக்கு இடம் உறுதியாகிவிட்டது.

போவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

* பெரம்பூர், வியாசர்பாடி, காசிமேடு மூன்றையும் ஒரே நடையில் முடிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும்.
* கட்டணத்தில் கடைகளுக்கு எவ்வளவு போகிறது என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.
* அத்தோ கடைக்கு மாலையில், மீன் ஏலத்துக்கு விடியற்காலையில் போங்கள்.
* எதில் என்ன இறைச்சி, என்ன எண்ணெய் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணெதிரே சூடாகச் செய்வதை வாங்குங்கள்.
* போட்டோ எடுக்கும் முன் ஆயாவிடமோ அண்ணனிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். 'ரவுடி ஏரியா' என்று தலைப்பு வைத்து வீடியோ போட வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்கு அது வீடு.
* பிடித்த கடை என்றால் அடுத்த வாரம் வழிகாட்டி இல்லாமலே போய்ச் சாப்பிடுங்கள். அப்போது கொடுக்கும் காசு முழுவதும் கடைக்காரருக்குத்தான்.