குத்தாலத்து வயல்மொழியும் பொதுத்தமிழும்

1. எல்லை

தொல்காப்பியம் செந்தமிழ் நிலத்தையும் அதைச் சேர்ந்த பன்னிரு நிலங்களையும் பிரித்துப் பேசுகிறது. செந்தமிழ் நிலத்துக்கு உரையாசிரியர்கள் சொன்ன எல்லை: வைகைக்கு வடக்கு, மருதயாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. காவிரியின் கீழ்ப்பகுதி ஓடுவது இந்த எல்லைக்குள்தான். அவர்கள் அளவுகோலாக வைத்த மண்ணின் பேச்சு இன்று ‘தஞ்சை வட்டார வழக்கு’ ஆகிவிட்டது. எது பொது, எது வட்டாரம் என்பதில் வகுப்பவரின் கை எப்போதும் உண்டு. எடுத்துக்காட்டாக, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தி பேசுவோர் ஏறத்தாழ 52.8 கோடி, அதற்குள் ஐந்து கோடிக்கு மேற்பட்ட போஜ்புரிக்காரர்களும் அடக்கம்.

2. வயலின் சொற்கள்

காவிரி டெல்டாவின் குத்தாலம் பக்கம் நடவுக்கு முன் ‘அண்டை வெட்டுவார்கள்’. வரப்பின் பக்கவாட்டை மண்வெட்டியால் செதுக்கிப் புல்லைக் கழித்து, சேற்றை அள்ளி அணைத்து வழவழவென்று பூசுவது அந்த வேலை. எலிவளை அடைபடும், தண்ணீர் கசியாது. ‘வரப்பு சீரமைப்பு’ என்று எழுதினால் செதுக்குவதும் பூசுவதும் காணாமல் போகின்றன. தண்ணீர் கட்டிச் சேறாக உழுவது ‘சேடை’. புழுதி உழவிலிருந்து அதை ஒரே சொல்லில் பிரித்துவிடுகிறார்கள். அறுவடை முடிந்தால் கேள்வி, “மாவுக்கு எவ்வளவு கண்டுமுதல்?” என்றுதான் வரும். மா என்பது நில அளவு, கண்டுமுதல் என்பது விளைச்சல். இவற்றைக் கொச்சை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. தொழில் நுணுக்கம் கூடியவை இவை.

3. ஏறியதும் நின்றதும்

குறுவை, சம்பா, தாளடி மூன்றும் உழவர் வாய்மொழி. இன்று அரசு அறிவிப்பிலும் அவையே. குறுவை அறுத்த தாளின் மேல் நடும் பயிருக்குத் தாளடியைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ‘மா’வுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா சுமார் 33 சென்ட். 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் மத்திய அரசின் எடை, அளவுச் சட்டமும் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. பட்டாவில் இப்போது ஹெக்டேர், ஏர். நாடு முழுக்க ஒரே அளவு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நடவுக்கூலி பேசும்போது மா இன்னும் வாயில் இருக்கிறது.

4. செய்ய வேண்டியது

கரிசலுக்குக் கி. ராஜநாராயணனும் கொங்குக்குப் பெருமாள்முருகனும் சொல்லகராதி தொகுத்தார்கள். டெல்டாவில் அவ்வேலை வயலிலேயே நடக்க வேண்டும், விரைவாகவும். நடவு இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்கால் போட்ட இடத்தில் நாற்றுப் பறித்து முடி கட்டும் வேலையே இல்லை. அதைச் செய்த பெண்களுக்கு வயதாகிறது. சொல்லோடு பருவம், வேலை, ஊர் மூன்றையும் குறிக்க வேண்டும். ‘அண்டை’ என்பதற்கு ‘வரப்பு’ என்று மட்டும் பொருள் எழுதினால் பாதிதான் பதிவாகும்.