சட்டப் படிப்புக்கு கல்விக் கடன்: வக்கீல் ஆனதும் இஎம்ஐ கட்ட முடியுமா?

குடவோலைக் கல்வெட்டுக்குப் பெயர்பெற்ற உத்திரமேரூரில் முன்சீப் கோர்ட் இருக்கிறது. அங்கே கறுப்பு கோட்டுடன் நிற்க ஆசைப்படும் பிளஸ் 2 மாணவரின் வீட்டில் எழும் முதல் கேள்வி, "பீஸ் எவ்வளவு?" உண்மையில் நெருக்கடி தொடங்குவது பட்டம் வாங்கிய பிறகுதான்.

எங்கே எவ்வளவு செலவாகும்?

செங்கல்பட்டு போன்ற அரசு சட்டக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 2 லட்சத்தைத் தாண்டும். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, தமிழக அரசின் 2021ஆம் ஆண்டு சட்டப்படி 7.5% ஒதுக்கீடு உண்டு; அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். இது மருத்துவப் படிப்புக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்துக்கும் உண்டு.

கடன் வாங்கினால்?

7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும். படிக்கும் காலத்திலும் முடித்த பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அந்தக் கால வட்டிக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது. சேரும் கல்லூரிக்கு அது பொருந்துமா என்று முதலிலேயே வங்கியில் கேட்டுவிடுவது நல்லது.

7.5 லட்சத்தை 10% வட்டியில் 15 ஆண்டுகளில் அடைத்தால், மாதத் தவணை சுமார் 8,060 ரூபாய்.

வருமானம் எப்படி?

இங்கேதான் சிக்கல். பார் கவுன்சில் பதிவுக் கட்டணம் இப்போது பெரிய சுமை இல்லை. சில மாநிலங்களில் 40,000 ரூபாயைத் தாண்டி வசூலித்து வந்தார்கள். பொதுப் பிரிவுக்கு 750, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அகில இந்திய பார் தேர்வுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தால் பல இடங்களில் கைச்செலவுக்குத்தான் காசு கிடைக்கும். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் இப்படியொரு சுற்றறிக்கை விட்டது. ஆனால் அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. முழு 15,000 கிடைத்தாலும் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். சரி, வேறு வேலை பார்த்துக் கட்டலாமா? பிராக்டிஸ் செய்யும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்க பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை.

தவணை கட்ட முடியாத நிலை வந்தால் பேசாமல் இருந்துவிடக் கூடாது. வேலையில்லாத, வருமானம் குறைந்த காலங்களில் தவணையைத் தள்ளிவைக்க இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரி கல்விக் கடன் திட்டத்தில் இடம் இருக்கிறது. கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே வங்கிக் கிளையில் இதை எழுத்துமூலம் கேட்க வேண்டும்.