ஒரு முட்டையும் ஒரு பிரதமரும்

புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கச் செயலாளர் அண்ணா கேட்டபோது, "நான் ஏ.எல். உடன் படிப்பை விட்டவன், பக்டரியிலை நிக்கிறவன், எனக்கு என்னண்ணை எழுதத் தெரியும்?" என்றுதான் சொன்னேன். "நீ அண்டைக்குச் சாப்பாட்டு நேரம் சொன்ன முட்டைக் கதையை எழுது, காணும்" என்றார். ஆகவே இது முட்டைக் கதை. சிரிக்கவும் இடமுண்டு, யோசிக்கவும் இடமுண்டு.

2019 ஆம் ஆண்டு மே 7 ஆம் திகதி. பொதுத்தேர்தலுக்கு இன்னும் 11 நாட்கள். நியூ சவுத் வேல்ஸ் எல்லையில் இருக்கும் அல்பெரி நகரத்தில், நாட்டுப்புற மாதர் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்த பிரதமர் ஸ்கொட் மொரிசனின் தலையில் 25 வயதுப் பெண் ஒருவர் பின்பக்கமாக வந்து முட்டையால் அடித்தார். முட்டை உடையவில்லை, தலையில் பட்டுத் தெறித்துப் போனது. அந்தத் தள்ளுமுள்ளில் ஒரு வயதான அம்மா கீழே விழ, பிரதமரே அவரைக் கைகொடுத்துத் தூக்கி விட்டார். பிறகு நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 18 மாத நன்னடத்தைக் கட்டளையும் 150 மணித்தியாலச் சமூக சேவையும் விதித்தது. கதை அவ்வளவுதான்.

அன்று பின்னேர சிப்டில் சாப்பாட்டு இடைவேளை. ரீ.வி.யில் இதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எங்கள் மேசையில் இருந்த தமிழ்ப் பெடியன் ஒருவன் சொன்னான்: "எங்கடை நாட்டிலை எண்டால் உவள் வீட்டை போய்ச் சேர்ந்திருப்பாளே?" ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இது என்ன முட்டை! 1917 இல் எறிந்த முட்டையைப் பற்றித் தேடிப் படியுங்கோ" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை டண்டினோங் நூலகத்துக்குப் போய்த் தேடினேன். தேடியது வீண் போகவில்லை.

அது முதலாம் உலக யுத்த காலம். அப்போது அவுஸ்திரேலியாவின் சனத்தொகை 50 இலட்சத்துக்கும் குறைவு. அதிலிருந்து நாலு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தாங்களாகவே படையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 60,000 பேர் திரும்பி வரவில்லை. பிரான்சில் ஆட்கள் செத்துக் கொண்டிருக்க, புதிதாகச் சேருபவர்களின் தொகை குறைந்துகொண்டே போனது. பிரதமர் பில்லி ஹியூஸ் கட்டாய ஆட்சேர்ப்பு வேண்டும் என்றார். 1916 ஒக்டோபர் 28 இல் மக்களிடம் வாக்குக் கேட்டார். 72,476 வாக்குகளால் "வேண்டாம்" என்று சனம் சொல்லிவிட்டது. அவருடைய தொழிற்கட்சியே அவரை வெளியேற்றியது. அவர் விடவில்லை. வேறு ஆட்களோடு கூட்டுச் சேர்ந்து பிரதமராகவே இருந்து, 1917 டிசெம்பர் 20 இல் இரண்டாம் தரம் வாக்கெடுப்பு என்று அறிவித்தார்.

குயின்ஸ்லாந்து மாநில முதல்வர் ரி. ஜே. றையன் இதற்கு எதிராக நின்றார். பத்திரிகைகளில் தணிக்கை இருந்தபடியால், தங்களுடைய வாதங்களைச் சட்டசபையில் பேசி, சட்டசபை அறிக்கையான ஹன்சாட்டில் அச்சடித்துப் பரப்பப் பார்த்தார்கள். நவம்பர் 26 ஆம் திகதி இரவு பிரிஸ்பேனில் இருந்த அரசாங்க அச்சகத்துக்குள் இராணுவம் புகுந்து அந்தப் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. அச்சகத்துக்குள் ஆமி புகுவது எங்களுக்குப் புதினமில்லை. இந்த நாட்டிலும் நடந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் புதினம்!

இது நடந்து மூன்றாம் நாள், நவம்பர் 29. ஹியூஸ் றெயிலில் தெற்கு நோக்கிப் பிரச்சாரம் செய்துகொண்டு போகிறார். பிரிஸ்பேனுக்குத் தென்மேற்கே இருக்கும் வோர்விக் என்ற ஊரின் ஸ்ரேசனில் றெயில் நிற்கிறது. பேசுவதற்காகச் சனத்துக்குள்ளே இறங்கி நடக்கிறார். முட்டை பறந்து வருகிறது. ஒன்று அவருடைய தொப்பியைத் தட்டி விழுத்துகிறது. எறிந்தவர் பற்றிக் புரொஸ்னன் என்ற ஐரிஷ் வழிவந்த மனிதர். அவருடைய சகோதரரும் கூட்டத்தில் நின்றார். அடிபிடி தொடங்கிவிட்டது. ஹியூஸ் கட்டையான, மெலிந்த, காது சரியாகக் கேளாத 55 வயது மனிதர். ஆனால் ஒதுங்கிப் போகிற ஆளில்லை. தானும் அந்தக் கலவரத்துக்குள் பாய்ந்தார்.

பிறகு, அங்கே நின்ற மாநிலப் பொலிஸின் மூத்த சார்ஜன்ற் ஹென்றி கெனியிடம், மத்திய அரசின் சட்டப்படி இந்த ஆளைக் கைது செய் என்று கட்டளையிட்டார். கெனி மாட்டேன் என்றார். தான் குயின்ஸ்லாந்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதுதான் அவருடைய நியாயம். நாட்டின் பிரதமருக்கு, அதுவும் யுத்த காலத்தில், ஒரு சார்ஜன்ற் இப்படிச் சொல்கிறார்! ஹியூஸ் முதல்வர் றையனுக்குத் தந்தி அடித்து, கெனியைப் பணியிலிருந்து நிறுத்தச் சொன்னார். றையன் அதைக் கேட்கவில்லை. முட்டை எறிந்தவருக்குச் சிறு தண்டப்பணத்தோடு விஷயம் முடிந்தது.

ஹியூஸுக்கு முடியவில்லை. தன் சொல்லைக் கேட்கிற பொலிஸ் தனக்கு வேண்டும் என்று முடிவெடுத்தார். இரண்டு கிழமைக்குள், யுத்தகாலச் சட்டத்தின் கீழ் 'கொமன்வெல்த் பொலிஸ் படை' உருவானது. அந்தப் படை 1919 இல் கலைக்கப்பட்டாலும், இன்றைய அவுஸ்திரேலிய பெடரல் பொலிஸின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இந்த வோர்விக் முட்டையையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். பெடரல் பொலிஸ் 1979 இல் அமைந்தது. முதல் ஆண்டு சிட்னி ஹில்ரன் ஹோட்டலில் வெடித்த குண்டு அதற்குக் காரணம். ஆனால் வித்து ஒரு முட்டை.

சரி, வாக்கெடுப்பு என்ன ஆனது? முட்டை எறிந்து மூன்று கிழமையில் சனம் வாக்குப் போட்டது. இந்த முறை 166,588 வாக்குகளால் "வேண்டாம்". முதல் தரத்தைவிட இரட்டிப்புக்கு மேல். தோற்றால் விலகுவேன் என்று சொல்லியிருந்த ஹியூஸ் 1918 ஜனவரியில் விலகினார். வேறு ஆள் இல்லை என்று ஆளுநர் நாயகம் அவரையே திரும்பக் கூப்பிட்டுப் பிரதமர் ஆக்கினார். ஆனால் கட்டாய ஆட்சேர்ப்பை அந்த யுத்தம் முடியும் வரைக்கும் அவரால் கொண்டுவர முடியவில்லை.

வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பெடியள் யுத்தத்துக்குப் போனால் அவர்களுடைய வேலைக்கு வெளிநாட்டுக் கூலிகள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தையும் அவர்கள் கிளப்பினார்கள். 1916 வாக்கெடுப்பு நேரத்தில் 'கஞ்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் 214 மால்ட்டா நாட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஹியூஸின் அரசாங்கம் அவர்களுக்கு டச்சு மொழியில் 'சொல்வதெழுதல்' சோதினை வைத்து, எல்லோரையும் 'பெயில்' ஆக்கித் திருப்பி அனுப்பியது. அடுத்த வருடம்தான் அவர்கள் இங்கே கால் வைக்க முடிந்தது. 1917 வாக்கெடுப்பில், எதிரி நாடுகளில் பிறந்து இங்கே குடியுரிமை பெற்றிருந்த பலருடைய வாக்குரிமையையும் பறித்தார்கள். தேர்தல் நேரம் வருகிற கப்பலும், தேர்தல் நேரம் பறிபோகிற உரிமையும் நேற்று முளைத்த சங்கதிகள் இல்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கட்டாய ஆட்சேர்ப்பு என்ற சொல் எங்கள் சனத்துக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த சொல்லா? நான் ஏ.எல். படித்த காலத்தில் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து கிடந்த பெடியன்களை எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பதினேழு வயது ஆகிறதே என்று அழுத தாய்மாரையும் தெரியும். ஒரு பக்கம் அது, மறுபக்கம் வெள்ளை வான். உங்கள் பிள்ளைகளை அனுப்பச் சம்மதமா என்று அந்தத் தாய்மாரிடம் ஒருவரும் ஒரு வாக்குச்சீட்டை நீட்டிக் கேட்கவில்லை. ஒரு கோழிமுட்டையை எடுத்து வீசிப்போட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிற வசதியும் அவர்களுக்கு இருக்கவில்லை.

எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் முட்டைதான் இருந்தது. பெரியப்பா சொல்லுவார், அந்த நாள் தேர்தல் கூட்டங்களில் பிடிக்காதவன் மேடை ஏறினால் "கூ" அடிப்பார்களாம், கூழ்முட்டை எறிவார்களாம். வேட்டியில் முட்டை வழிய வழியப் பேசி முடித்துவிட்டுப் போனவர்களும் உண்டாம். நான் பிறந்த காலத்தில் கூழ்முட்டையின் இடத்துக்குத் துவக்கு வந்துவிட்டது. துவக்குக்கு முன்னால் யார் பேசுவது, யார் "கூ" அடிப்பது?

முட்டை என்றால் எல்லாமே நியாயமான எதிர்ப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2014 ஏப்ரலில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தையும் மத்தள விமான நிலையத்தையும் பார்க்கப் போன யூ.என்.பி. எம்.பி.மாருக்கு முட்டை அடித்து விரட்டினார்கள். எறிந்தவர்கள் ஆளும் பக்கத்து ஆட்கள். நகர மேயர் கையில் பிஸ்டலோடு ஓடிய படம் பத்திரிகைகளில் வந்தது. அது விளையாட்டுத் துவக்கு என்று பிறகு சொன்னார். பலமில்லாதவன் பலமுள்ளவனுக்கு எறிவது வேறு. பலமுள்ளவன் எறிந்தால், அந்த முட்டைக்குப் பின்னால் வேறு ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

இந்த நாட்டிலும் முட்டையின் விலை ஆளுக்கு ஆள் வேறு. 2019 மார்ச்சில், கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல் படுகொலைக்கு அடுத்த நாள், முஸ்லிம் குடிவரவுதான் காரணம் என்று சொன்ன செனற்றர் பிரேசர் அனிங்கின் தலையில் மெல்பேர்ணில் 17 வயதுப் பையன் ஒருவன் முட்டையை உடைத்தான். செனற்றர் அவனைத் திருப்பி அடித்தார். பொலிஸ் பையனை எச்சரிக்கையோடு விட்டது. அதே நாட்களில் படகில் வந்த நாங்கள் என்ன நிலையில் இருந்தோம்? 2013 டிசெம்பரிலிருந்து, பிரிட்ஜிங் விசா வேண்டுமென்றால் 'நடத்தைக் கோவை' என்ற தாளில் கையெழுத்து வைக்கவேண்டும். அதை மீறினால் விசா பறிபோகலாம், திரும்பத் தடுப்பு முகாமுக்குப் போகலாம். அதனால் ரீ.வி.யில் அந்த முட்டையைப் பார்த்துச் சிரித்த எங்கள் மேசையில், ஒருவர் கூடச் சத்தமாகச் சிரிக்கவில்லை.

முட்டை எறியுங்கோ என்று நான் எழுதவில்லை. எறிந்ததால் மொரிசன் தோற்கவுமில்லை, அந்தத் தேர்தலில் வென்றார். 1917 இல் ஹியூஸைத் தோற்கடித்ததும் முட்டை இல்லை, வாக்குச்சீட்டு. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரருக்கு நிரந்தர விசாவுக்கான கதவு திறந்தது. எங்களில் பலர் அதன் வழியே வந்து குடியுரிமை எடுக்கிறார்கள். பலருக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. குடியுரிமை எடுத்தவர்களைப் பார்த்து ஒன்று கேட்கிறேன். வாக்குப் போடாவிட்டால் தண்டம் கட்டவேணும் எண்டதுக்காக மட்டும் போய்க் கோடு கீறிப்போட்டு வராதேங்கோ. வாக்கில்லாத ஒருவர் உங்கள் பக்கத்து மெஷினில் நிற்கிறார். அவரிடம் ஒருக்கால் கேட்டுப்போட்டுப் போங்கோ.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.