சாகசச் சைக்கிளின் புனருத்தாரணம்

கலிஃபோர்னியாவின் மண்தடங்களில், மோட்டார் சைக்கிள் பந்தயங்களைக் கண்டு மோகித்த சிறுவர்கள் 1970-களில் ஓட்டிப் பழகிய 20 அங்குலச் சக்கரச் சைக்கிள், வேகத்தையே லட்சியமாகக் கொண்ட நிலையினின்று விலகி, நின்ற இடத்திலேயே சுழலவும் ஒற்றைச் சக்கரத்தில் நர்த்தனம் புரியவும் வல்ல சாதனமாக மாறியதில், பாப் ஹாரோ என்பவரின் பங்கு பிரதானமானது. ‘ஈ.டி.’ திரைப்படத்தின் சைக்கிள் சாகசங்களிலும் பங்கேற்ற அவருடைய பெயரைத் தாங்கி, சாகசத்துக்கென்றே அமைந்த ‘ஃப்ரீஸ்டைலர்’ ஃபிரேம் 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. ஹாண்டில்பாரை எத்தனை முறை சுழற்றினும் பின்பிரேக் கம்பி முறுக்கிக்கொள்ளாதபடி காக்கும் ‘கைரோ’ என்னும் சுழல்வளையமும் அத்தசாப்தத்திலேயே தோன்றியது. சைக்கிள் சாகசக் கலையின் சரித்திரத்தில் இதனினும் நுட்பமான சிருஷ்டி வேறில்லை என்பது என் துணிபு.

தசாப்தத்தின் இறுதியில் சாகச மோகம் தணிய, அச்சைக்கிள்கள் கொட்டகைகளில் துருவேறின. அன்று அவற்றை ஓட்டிய சிறுவர்கள் நடுவயதெய்தியபின், குரோமிய மெருகைப் பக்குவமாகத் துலக்கியும், சைக்கிள் தயாரான ஆண்டுக்கே உரிய பெடலையும் நைலான் சக்கரத்தையும் தேடிப் பூட்டியும் அவற்றைப் புதுப்பிக்கலாயினர். வர்ணத்தையும் பாகங்களையும் தம் ரசனைப்படி மாற்றுவோரும் உளர். சாதாரணச் சைக்கிளில் அது தகும். ஆயினும், ஆதி ஸ்டிக்கரும் பெயின்ட்டும் ஓரளவேனும் எஞ்சிய அபூர்வ ஃபிரேமைச் சுரண்டிப் புதுவர்ணம் பூசுவது, கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பதற்கு நிகரான அபசாரம். அத்தகைய சைக்கிளில் துருவை நீக்கி, பேரிங்குகளில் புதிய கிரீஸ் இட்டு, உலர்ந்து வெடித்த டயர்களை மட்டும் மாற்றுவதே போதும்.