தோணியில் வந்த மாசி

தூத்துக்குடியின் பழைய வரலாற்றை எழுதுகிறவர்கள் முத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். கொற்கை, 1530களில் பரதவரோடு உறவு கொண்ட போர்த்துகீசியர், 1658இல் ஊரைப் பிடித்த டச்சுக் கம்பெனி என்று வந்து, 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்போடு முடிப்பார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் முத்தை நான் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். மாசி எங்கள் வீட்டு அடுப்படியில் எப்போதும் இருந்தது. அப்பா பழைய துறைமுகத்தில் தோணிக் கணக்கு எழுதியவர். கொழும்பிலிருந்து திரும்பும் தோணித் தலைவர்களான தண்டல்மார் ஓலைப்பெட்டியில் மாசி கொண்டுவந்து அவரிடம் தருவார்கள். இந்தக் கரையின் கதையை அந்தப் பெட்டியிலிருந்தும் சொல்லியாக வேண்டும்.

மாசி என்பது சூரை மீன். மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரையைத் தூண்டிலில் பிடித்து, தலையும் குடலும் நீக்கி, நடுமுள்ளை ஒட்டி நாலு துண்டமாக வகிர்ந்து, உப்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள். பிறகு புகையில் கிடத்தி, நாள்கணக்காக வெயிலில் போடுவார்கள். முடிவில் அது கருங்காலிக் கட்டை போல ஆகிவிடும். கத்தி இறங்காது; உரலில் போட்டு இடித்தால்தான் வழிக்கு வரும். மற்றக் கருவாட்டின் வாடை இதில் கிடையாது. உப்பில் ஊறிய மீன் வேறு, வெந்து புகை குடித்த மீன் வேறு.

1343இல் மாலத்தீவுக்குப் போய் அங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்த பயணி இப்னு பதூதா இதே செய்முறையை எழுதிவைத்திருக்கிறார். மீனை நாலாக அறுப்பது, லேசாக வேகவைப்பது, ஓலைக்கூடையில் வைத்துப் புகை போடுவது எல்லாம் அதில் உண்டு. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அது ஏற்றுமதியானதையும் குறித்திருக்கிறார். பின்னர் அவரும் இலங்கை வழியாகத் தமிழ்க் கரைக்கு வந்து மதுரை சுல்தானிடம் தங்கினார். அறுநூறு வருஷத்துக்குப் பிறகும் எங்கள் வீட்டு மாசி இலங்கை வழியாகத்தான் வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் பொங்கும்.

மாசிக்கு மிகப் பெரிய சந்தை இலங்கைதான். சிங்களவருக்கும் தமிழருக்கும் அது இல்லாமல் சம்பல் இல்லை. தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் வந்தது. அதிலிருந்து 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் இறங்கித்தான் ஸ்டீமர் ஏறினார்கள். சரக்கைத் தோணிகள் சுமந்தன: போகும்போது அரிசி, வெங்காயம், ஓடு, திரும்பும்போது கொழும்புச் சாமான். தோணியில் சமைக்கிற பண்டாரிக்கு மாசி பெரிய துணை. நடுக்கடலில் காய்கறி தீர்ந்த பிறகும் அது கெடாது, ஒரு பிடி போதும், சோறு இறங்கிவிடும். துறைமுகத்து ஆவணங்களில் டன் கணக்கு இருக்கும், பண்டாரியின் கைப்பக்குவம் இருக்காது. இன்றைக்கும் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப்போகிற தோணிகள் இங்கே இருக்கின்றன. யாராவது அந்தத் தோணிக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதவேண்டும்.

சென்னையில் வேலை பார்க்கிற என் தம்பி மகள் லீவுக்கு வந்திருந்தபோது, "அத்தை, டெரியாகி சாஸ் வீட்டிலயே செஞ்சு பாப்போமா? கடையில வாங்குறது ஒரே இனிப்பா இருக்கு" என்றாள். சோயா சாஸ், சர்க்கரை, மிரின் என்ற இனிப்பு அரிசி மது மூன்றையும் வற்றவைத்து, வாட்டும் மீன்மேல் தடவி மினுக்குவது அது. மிரின் இங்கே எளிதில் கிடைக்காது. நான் மாசியை எடுத்தேன். அவள் தயங்கினாள். ஜப்பானியர் சாறு எடுக்கிற கட்சுவோபுஷியும் இதே சூரைதான், வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்ததுதான் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தாள்.

ஜப்பானில் புகை போடும் முறை 17ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. பூஞ்சணம் பிடிக்கவைத்து மேலும் உலர்த்துவது பிற்பாடு சேர்ந்த நுணுக்கம். அது மாசியில் இல்லை. சூரை வெந்த சாற்றை வற்றவைத்த குழம்பை, 8ஆம் நூற்றாண்டின் ஜப்பானியச் சட்டத்தொகுப்பு வரிப்பொருள்களில் ஒன்றாகச் சொல்கிறது. மாலத்தீவில் அதே சாறு வற்றி வற்றிக் கரும்பழுப்புக் களிம்பாகி ரிஹாகுரு என்ற பெயரில் இன்றைக்கும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வருகிறது. டோக்கியோவில் 1908இல் இகேதா கிகுனாயே கடற்பாசிச் சாற்றிலிருந்து அதன் சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தார். 1913இல் அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ கட்சுவோபுஷியில் இனோசினேட்டைக் கண்டார். எங்கள் ஆச்சி பருப்புக் குழம்பில் ஒரு துண்டு மாசியைத் தட்டிப் போட்டு இறக்கியதற்குப் பின்னால் இருக்கிற ரசாயனம் அதுதான்.

கொழும்பு வழி வந்துகொண்டிருந்த வரத்து என் இளவயதிலேயே மெலிந்தது. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் மாசி இறக்குமதியை வெட்டியது. மாலத்தீவு மீனவர்களின் பெரிய சந்தை சரிந்தது. அதே சமயம் ஜப்பானியக் கம்பெனிகளின் குளிர்பதனக் கப்பல்கள் அங்கே போய் ஈரச் சூரையை வாங்கத் தொடங்கின. மாசியாக வேண்டிய மீன் பெட்டியில் உறைந்து வேறு பக்கம் போனது. எங்கள் ஊரில் 1974இல் புதுத் துறைமுகம் திறந்து பெரிய கப்பல்கள் வந்தன. 1983க்குப் பிறகு இலங்கைப் போர் தோணிக்காரர்களை நெருக்கியது. அப்பா கணக்கு எழுதுவதை விட்டார்.

அன்றைக்குத் தம்பி மகளும் நானும் சாஸ் செய்தது இப்படி. இடித்த மாசி ஒரு கரண்டியை இரண்டு தம்ளர் தண்ணீரில் மெதுவாகக் கொதிக்கவிட்டு, பாதியானதும் வடிகட்டினோம். அதில் சோயா சாஸ் அரைத் தம்ளர், தட்டிய உடன்குடிக் கருப்பட்டி, நசுக்கிய இஞ்சி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. உப்பு வேண்டாம், சோயாவிலும் மாசியிலும் இருக்கிறது. கரண்டியின் முதுகில் ஒட்டும் பதத்தில் இறக்கி, முக்கால் வெந்த சீலா மீன்மேல் தடவித் திருப்பினோம். முதலிலேயே தடவினால் கருப்பட்டி கருகிக் கசந்துவிடும்.

வடிகட்டிய சக்கையைக் கொட்டக்கூடாது. ஈரம் போக வறுத்து, சுட்ட வற்றல், சின்ன வெங்காயம், புளி, தேங்காய்த் துருவலோடு அம்மியில் வைத்து ஒன்றிரண்டாகத் தட்டினால் சம்பல். சாறு இறங்கிய மாசி என்பதால் ருசி கொஞ்சம் குறையும். முழுச் சம்பலுக்குப் புது மாசியைத்தான் இடிக்கவேண்டும். தேங்காய் சேர்த்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். பயணத்துக்கு என்றால் தேங்காயை விட்டுவிட்டு நல்லெண்ணெயில் சுருளச் சுருள வதக்குவார்கள். கொழும்பு ஸ்டீமரில் போனவர்களுக்குத் தன் அம்மா அப்படித்தான் கட்டிக் கொடுத்ததாக ஆச்சி சொல்வார்.