ஆவியின் சான்றும் நம்பிக்கைச் செயலும்: மார்மன் சமய வரலாற்றில் மூன்று நிலைகள்

முன்னுரை

சமயங்களின் வரலாற்றை நிறுவன வளர்ச்சி, தலைவர்களின் வாழ்க்கை, மறைநூல்களின் தோற்றம் ஆகியவற்றைக் கொண்டு எழுதுவது பெருவழக்கு. தனிமனிதர் ஒருவர் தம் நம்பிக்கை மெய்யானது என்று எவ்வாறு தெளிந்தார், தெளிந்தபின் எவ்வாறு செயற்பட்டார் என்னும் வினா அவ்வரலாறுகளில் பெரும்பாலும் பின்தள்ளப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சமயத்திலோ அவ்வினாவே மையமாக விளங்குகிறது. இச்சமயத்தவருள் பெரும்பாலோர் சார்ந்துள்ள அமைப்பு, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும். ஆவியின் சான்றைத் தேடுதல், அதனை நம்பிச் செயற்படுதல் ஆகிய இரண்டிற்கும் உள்ள உறவை மூன்று வரலாற்று நிலைகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கேட்டலும் ஆய்தலும்

இச்சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் (1805-1844) நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா பகுதியில் வளர்ந்தவர். அப்பகுதியில் அக்காலத்தில் பல கிறித்தவச் சபைகள் போட்டியிட்டு எழுப்புதல் கூட்டங்களை நடத்திவந்தன. ஞானத்தில் குறைவுள்ளவர் இறைவனிடம் கேட்கவேண்டும் என்னும் யாக்கோபு நிருபத்தின் அறிவுரைப்படி, 1820இல் ஒரு தோப்பில் வேண்டியபோது இறைக்காட்சி பெற்றதாக அவர் பின்னாளில் எழுதினார். 1832ஆம் ஆண்டுப் பதிவு பாவமன்னிப்பை முன்னிறுத்துகிறது. 1838இல் தொடங்கிய பதிவு எச்சபையில் சேர்வது என்னும் வினாவை முன்னிறுத்துகிறது. இவ்வேறுபாடு ஆய்வாளரிடையே விவாதத்திற்குரியது. எனினும் வேண்டுதலுக்கு நேரடி விடை கிடைத்தது என்பது இரு பதிவுகளுக்கும் பொதுவானது.

1830 மார்ச்சில் 'மார்மன் புத்தகம்' 5000 படிகள் அச்சாகி வெளிவந்தது. நூல் மெய்யானதா என்பதை வாசகர் நேர்மையான உள்ளத்தோடு இறைவனிடமே கேட்டறிய வேண்டும் என்று அதன் இறுதி இயல் அறிவுறுத்துகிறது. மெய்ப்பிக்கும் பொறுப்பு இதனால் வாசகரின் அகத்திற்கு மாற்றப்படுகிறது. அந்நூலின் ஆல்மா என்னும் பகுதி, இறைச்சொல்லை விதைக்கு உவமித்து, அதனை நட்டுப் பார்த்தே நல்விதையா என்று அறியவேண்டும் என்கிறது. ஆகவே செயல் என்பது சான்றின் விளைவு மட்டுமன்று. சான்றைப் பெறும் வழியும் ஆகும்.

இக்கோட்பாட்டின் வரையறை 1829 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் ஹார்மனி என்னும் ஊரில் உருவானது. ஸ்மித் சொல்லச் சொல்ல எழுதிவந்த ஆலிவர் கௌட்ரி, தாமும் மொழிபெயர்க்க விரும்பி முயன்று தோற்றார். அப்போது ஸ்மித் வழங்கிய வெளிப்பாடு, 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்னும் தொகுப்பில் ஒன்பதாம் பிரிவாக உள்ளது. கேட்டல் மட்டும் போதாது. பொருளை முதலில் மனத்துள் ஆய்ந்து முடிவுக்கு வரவேண்டும். அது சரியானால் நெஞ்சம் கனலும், தவறானால் மதி மயங்கும் என்பது அதன் சாரம். உணர்வு அறிவின் உழைப்பிற்குப் பின்னரே வருவதாக இங்கு வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

கைவண்டிப் பயணம்: சான்றும் விளைவும்

ஐரோப்பாவில் மதம் மாறிய வறியோரைக் குறைந்த செலவில் யூட்டாவிற்குக் கொணரும் பொருட்டு, பிரிகாம் யங் 1856இல் கைவண்டித் திட்டத்தைத் தொடங்கினார். மக்கள் தம் உடைமைகளைக் கைவண்டிகளில் ஏற்றி, தாமே இழுத்து நடந்தனர். அவ்வாண்டின் முதல் மூன்று குழுக்கள் பெருந்துயரின்றிச் சேர்ந்தன. வில்லி, மார்ட்டின் ஆகியோர் தலைமையேற்ற அடுத்த இரு குழுக்களோ காலந்தாழ்ந்து புறப்பட்டன.

ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் புளோரன்ஸில் வில்லி குழுவினர் கூடி, பயணத்தைத் தொடர்வதா, குளிர்காலத்தை அங்கேயே கழிப்பதா என்று கலந்தாய்ந்தனர். லீவை சாவேஜ் என்பவர் தொடர்வதை எதிர்த்தார். சயாம் பணிக்கென அனுப்பப்பட்டு, கல்கத்தா வழியாகப் பர்மா சென்று பணிபுரிந்து திரும்பியிருந்தவர் அவர். முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும் குளிரில் மடிவர் என்று எச்சரித்தார். இறைவன் வழியைத் திறப்பார் என்று நம்பிய பெரும்பான்மையோர் தொடர முடிவுசெய்தனர். சாவேஜ் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் அவர்களோடு சென்று துன்பத்தில் பங்கேற்பதாகக் கூறி உடன் நடந்தார்.

அக்டோபரில் வயோமிங் பகுதியில் பனிப்புயல் தாக்கியது. இரு குழுக்களிலும் சேர்த்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குழுக்கள் இன்னும் வழியில் இருப்பதை அக்டோபர் 4 அன்று அறிந்த யங், மறுநாள் கூடிய மாநாட்டில் மீட்பு வண்டிகளையும் உணவையும் உடைகளையும் கோரினார். வழியில் சிக்கியோரைக் கொண்டுவந்து சேர்க்காவிடில் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது வீண் என்பது அவர் உரையின் கருத்தாகும்.

இந்நிகழ்வில் இருவகை நம்பிக்கைச் செயல்களைக் காணலாம். ஒன்று, விளைவு நன்றாகவே அமையும் என்னும் உறுதியில் எழுந்தது. மற்றொன்று, தீங்கு நேரும் என்று அறிந்தும் உடன்வாழ்வோரைக் கைவிடாமையில் எழுந்தது. முன்னதை நிகழ்வுகள் பொய்ப்பித்தன. பின்னதை அவற்றால் பொய்ப்பிக்க இயலவில்லை.

மறுக்கப்பட்டவரின் உறுதி

கனெக்டிகட்டில் பிறந்த கறுப்பினப் பெண்ணான ஜேன் மானிங் ஜேம்ஸ், 1840களின் தொடக்கத்தில் இச்சமயத்தில் சேர்ந்தார். 1843இல் தம் குடும்பத்தினருடன் நாவூ நகர் நோக்கிச் சென்றபோது பயண வசதி மறுக்கப்பட்டதால், ஏறத்தாழ 800 மைல் நடந்தே சென்றார். 1847இல் யூட்டாவை அடைந்தார். ஆனால் 1852இல் பிரிகாம் யங் வெளிப்படையாக அறிவித்த தடை, கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவத்தையும் அவ்வினத்தார் அனைவருக்கும் உயர்நிலை ஆலயச் சடங்குகளையும் மறுத்தது. ஜேம்ஸ் பலமுறை விண்ணப்பித்தார். 1894இல் நடந்த சடங்கொன்றில் அவரை ஸ்மித்தின் பணியாளராக மட்டுமே இணைத்தனர். அதில் நிறைவடையாத அவர், பின்னரும் விண்ணப்பித்தார். கோரியது கிடைக்காமலே, நம்பிக்கையில் தளராமல், 1908இல் மறைந்தார்.

அத்தடை 1978 ஜூனில் நீங்கியது. சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் நெடுநாள் ஆய்ந்தும் உடன்பணியாளரிடம் கருத்துக் கேட்டும் தனியே ஆலயத்தில் வேண்டியும் வந்தார். ஜூன் 1 அன்று சால்ட்லேக் ஆலயத்தில் உடன்தலைவர்களோடு கூடி வேண்டியபோது அனைவரும் ஒருமித்த உறுதியை உணர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. கௌட்ரிக்குச் சொல்லப்பட்ட ஆய்தல், கேட்டல், உணர்தல் என்னும் வரிசையை இங்கும் காண்கிறோம். தடைக்குக் காரணமாக முன்னர்க் கூறப்பட்ட இனக் கொள்கைகளைச் சபை 2013இல் வெளிப்படையாக மறுத்துரைத்தது.

முடிவுரை

மேற்கண்ட நிலைகளிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. மார்மன் மரபில் ஆவியின் சான்று ஆய்விற்கு மாற்றாக வகுக்கப்படவில்லை. ஆய்விற்குப் பின் வருவதாகவே வகுக்கப்பட்டது. சான்று பெற்றதாக உணர்வது நல்விளைவிற்கு உறுதியளிப்பதில்லை என்பதைக் கைவண்டிப் பயணம் காட்டுகிறது; ஆகவே முடிவெடுத்தோரின் பொறுப்பை அவ்வுணர்வு குறைப்பதுமில்லை. தனிமனிதர் பெறும் சான்றும் நிறுவனத்தின் தலைமை பெறும் சான்றும் எக்காலத்தும் ஒத்துச் செல்வதில்லை என்பதை ஜேம்ஸின் வாழ்வு உணர்த்துகிறது. அவர் மறைந்து 70 ஆண்டுகளுக்குப் பின்னரே நிறுவனம் தடையை நீக்கியது. அவ்விடைவெளியைத் தம் வாழ்நாளால் நிரப்பியோரையும் கணக்கிற் கொள்ளும்போதே இச்சமயத்தின் வரலாறு முழுமையடையும்.