கல்லெழுத்தும் நிழற்படமும்

உதகமண்டலத்துச் சேரிங் கிராஸில் ஆடம் நீரூற்றைப் படம் பிடிக்காத பயணியர் அரியர். அது 1881இல் இவ்வூரிலேயே காலமான சென்னை ஆளுநர் ஒருவரின் நினைவுச் சின்னம் என்று அறிந்தவரோ சிலரே. மாணவர்களே, வீதியில் படம் பிடித்தபின் சற்று மேடேறிப் புனித ஸ்டீபன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்கும் செல்லுங்கள்.

1829இல் கால்கோள் கண்ட இவ்வாலயத்துக்குச் சீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனை மரங்களே உத்தரங்களாயின. இங்கேதான் ஜான் சலிவனின் மனைவியும் மகளும் துயில்கின்றனர். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த சலிவன், 1822இல் கல் பங்களா கட்டத் தொடங்கி இந்நகருக்கு அடிகோலியவர். 1855இல் இங்கிலாந்தில் இறந்தார். அரசாங்க அறிக்கைகள் அவருடைய சாலைகளையும் ஏரியையும் பேசும். அவர் இழந்ததைப் பேசுவது இக்கல்லறை ஒன்றே.

ஆனால் மலைநாட்டு மழையும் பாசியும் கல்லெழுத்தை ஆண்டுதோறும் அரிக்கின்றன. ஆதலால் படம் எடுத்துவைத்தல் அவசரப் பணி. நடுப்பகல் வெளிச்சத்தில் எழுத்துத் தட்டையாகத் தோன்றும். காலை மாலைச் சாய்வெயிலிலோ பள்ளந்தோறும் நிழல் விழுந்து, மங்கிய ஆண்டும் புலப்படும். வெயில் எட்டாத மூலைக்கு ஒரு முகக்கண்ணாடியால் ஒளியைத் திருப்பினால் போதும். பாசியைச் சுரண்டுவதும் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் வேண்டா. கல் பொரிந்து பெயரே போய்விடும். கல்லை மட்டுமன்றி, அது நிற்கும் வரிசையையும் ஒரு படத்தில் அடக்குங்கள். எடுத்த நாளையும் குறித்து வையுங்கள்.

மலைப்பாதை வெட்டிய கூலியாட்களில் பெரும்பாலோருக்கு எழுத்துக் கல் ஏதும் இல்லை. அவர்கள் கைவேலையைப் படம் பிடிக்கக் குன்னூர்ப் பாதைக்கே இறங்க வேண்டும்.